நீலத்துக்குப் பத்து மாதம்

“மாமியார் தூங்குறா. கதவை டமால்னு சாத்துறவன் கை விளங்காது” என்று அட்டையில் எழுதி நிலவறைக் கதவில் ஒட்டியவர் குஸ்மிச். கதவில் கண்டதையும் ஒட்டினால் கிழித்து எறிகிற ஆய்வுக்கூடத் தலைவி இனெஸ்ஸா மார்கவ்னா, அதைப் படித்துவிட்டுக் கிழிக்காமல் போய்விட்டார். அந்த வருஷம் மாமியாரின் தூக்கம் அவருக்கும் அவ்வளவு முக்கியமாக இருந்தது.

மாமியார் என்பது ஒரு கண்ணாடித் தூண். இடுப்பு உயரம், இரண்டு கையால் வளைத்துப் பிடிக்கிற பருமன். உள்ளே பால் மாதிரி ஒரு திரவம். அந்தப் பாலில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் கோடி கோடியாக மிதந்து, தம்பாட்டுக்கு மெல்ல மெல்ல அடியில் இறங்கும். எல்லாம் ஒரே அளவாக இருந்துவிட்டால், பழக்கடைக்காரன் ஆரஞ்சு அடுக்குகிற மாதிரி தாமாகவே வரிசை போட்டு உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வெளிச்சம் பட்டால் ஓபல் என்கிற வண்ணக் கல்லாக மின்னும். சாயம் ஒரு சொட்டுக் கிடையாது. உருண்டை சிறிதென்றால் நீலம், கொஞ்சம் பெருத்தால் பச்சை, இன்னும் பெருத்தால் சிவப்பு. சங்கதி அவ்வளவுதான். ஆனால் அத்தனையும் அடங்கி உட்காரப் பத்து மாதம் ஆகும். அதற்குள் எவனாவது தூணை இடித்தாலோ பக்கத்தில் சுத்தியலைத் தட்டினாலோ, வரிசை கலைந்து வெறும் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். ஆகவே நிலவறைக்குள் எல்லோரும் கம்பளிக் காலணியோடுதான் நடப்பார்கள், தும்மல் வந்தால்கூட வெளியே ஓடுவார்கள்.

ரிம்மாவுக்கு அங்கே பதினெட்டு வருஷ உத்தியோகம். உருண்டை செய்கிறது அவள் கைதான். ஸ்பிரிட், காய்ச்சி வடித்த தண்ணீர், அம்மோனியா மூன்றையும் அளந்து கலந்து, அதில் சிலிக்காத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறிக்கொண்டே இருப்பாள். தெளிவாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகப் பால்நிறம் காட்டும். தண்ணீர் ஒரு கிளாஸ் கூடிப்போனால் உருண்டை பெருத்துவிடும். இந்த விஷயம் அந்தக் கட்டடத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

தெரிந்தவள்தான் செய்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஜனவரி மாதம், வெளியே மைனஸ் முப்பத்தொன்பது. ரிம்மா வீட்டைச் சூடாக்குகிற வெந்நீர்க் குழாய் வெடித்து, சுவரெல்லாம் பனி பூத்துவிட்டது. மகள் ஆஸ்யாவுக்கு ஒன்பது வயது, நெஞ்சுச் சளி, மூச்சு விடும்போது கதவுக் கீல் மாதிரி சத்தம். அப்பன் என்று சொல்லிக்கொள்ள ஒருவன் பராட்ஸ்க் நகரத்தில் இருந்தான், இருந்து என்ன பிரயோஜனம். ரிம்மா குழாய்க்காரனிடம் இருபத்தைந்து ரூபிளை நீட்டினாள்.

“பணத்தை வச்சு நாக்கு வழிக்கவா?” என்றான் அவன். “வோட்காக் கடை வரிசையில நிக்கிறவங்க ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிச்சுச் சாகுறாங்க. மதுவிலக்காம், மண்ணாங்கட்டியாம். நீ ஆய்வுக்கூடத்துக்காரிதானே? முக்கால் லிட்டர் கொண்டா. தண்ணி ஊத்தாதது.”

நிலவறையில், அடுத்த வாரக் கலவைக்காக ஐந்து லிட்டர் ஸ்பிரிட் பாட்டில் இறக்கி வைத்திருந்தார்கள். அதில் முக்கால் லிட்டரை எடுத்தாள். மட்டம் குறையக்கூடாதே என்று அதே அளவு காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றினாள். அடுத்த வாரத்துக்குள் புதுப் பாட்டில் வந்துவிடும், இதைக் கண்ணாடி கழுவ ஒதுக்கிவிடலாம், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று கணக்குப் போட்டிருந்தாள். அன்று சாயங்காலமே குழாய் சரியாகிவிட்டது. மூன்று நாளைக்கு அப்புறம் ஆஸ்யா போர்வையை உதறிவிட்டுத் தூங்கினாள்.

ஆனால் ஸ்பிரிட்டை எடுத்த மறுநாள் காலையே இனெஸ்ஸா மார்கவ்னா கோட்டைக்கூடக் கழற்றாமல் படியிறங்கி வந்தார். “மாஸ்கோல இருந்து ஃபோன். நவம்பர் கண்காட்சிக்கு நீலக் கல் வேணுமாம். இன்னிக்கே கலந்தாத்தான் பத்து மாசம் சரியா வரும். ரிம்மா, பாட்டிலை எடு.”

ரிம்மா கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தாள். “அடுத்த வாரம்னுதானே…”

“அடுத்த வாரத்தை அவங்ககிட்டப் போய்ச் சொல்லு.”

அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அரசாங்க ஸ்பிரிட்டைத் திருடினாள் என்று எழுதியிருப்பார்கள். மதுவிலக்கு நடந்த அந்த வருஷம் அதற்கு மன்னிப்பே கிடையாது. வேலை போயிருக்கும், வேலையோடு வீடும் போயிருக்கும், ஆஸ்யாவைத் தூக்கிக்கொண்டு அந்தக் குளிரில் தெருவில்தான் நின்றிருக்க வேண்டும். இதெல்லாம் நிஜம். அவள் பயந்தாள் என்பதும் நிஜம். பாட்டிலை எடுத்து ஊற்றினாள். நாலு லிட்டர் போயிற்று, ஒரு லிட்டர் மிஞ்சியது. அதை மேல்மாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

உருண்டையின் அளவைப் பார்க்க வேண்டிய மின்னணு நுண்ணோக்கி இலையுதிர் காலத்திலிருந்தே பழுது, உதிரிபாகம் வந்தபாடில்லை. “பத்து தடவை செஞ்ச கைதானே” என்று இனெஸ்ஸா மார்கவ்னா தானே தூணில் ஊற்றி, மூடியை மெழுகு வைத்து அடைத்துவிட்டு ரயிலுக்கு ஓடிவிட்டார். கிளறிய கண்ணாடிக் கோலில் ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ரிம்மா அதை ஒரு கண்ணாடிச் சில்லில் தடவி ஜன்னலோரம் காயவைத்தாள். மத்தியானம் எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். சிவப்பு. நல்ல கனல் மாதிரி சிவப்பு. சில்லைச் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள்.

சிவப்பும் அழகுதானே என்று நீங்கள் கேட்கலாம். அழகுதான். ஆனால் திட்டத்தில் நீலம் என்று எழுதியிருந்தால் நீலம்தான் வர வேண்டும். தங்கமே வந்தாலும் அது தவறு. அந்த நாட்டில் அப்படித்தான்.

குஸ்மிச் அந்தக் கூட்டத்தில் எங்கே வருகிறார் என்றால், நிலவறைக்கு வெப்பம் பார்க்கிறவர் அவர். ஒரு டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் எழுந்து ஓடுவார். முழுப்பேர் யெஃபீம் குஸ்மிச். அந்த ஊர்த் தொழிலாளிகளுக்குள் அப்பா பேரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால் அதில் ஒரு ஒட்டுதல் உண்டு. எல்லோரும் அவரைக் குஸ்மிச் என்றார்கள், அவர் ரிம்மாவைப் பாவ்லவ்னா என்பார். ஒரு காலத்தில் மொடாக் குடிகாரர். குடியை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. தோம்ஸ்க் நகரத்தில் இருக்கும் மகள், அஞ்சு வருஷம் குடிக்காமல் இருந்து காட்டினால் பேரனைக் காட்டுகிறேன் என்று கடிதம் போட்டிருந்தாள். அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மாமியாரை நிரப்பிய அன்று காலையிலேயே குடலிறக்க ஆப்பரேஷனுக்கு மருத்துவமனையில் சேர்ந்தவர், பிப்ரவரி கடைசியில்தான் வேலைக்குத் திரும்பினார்.

மார்ச் மாதம் மதுவிலக்குக் குழு வந்தது. ஒவ்வொரு கூடமாகப் போய் ஸ்பிரிட்டின் வீரியம் காட்டுகிற மிதவையைப் போட்டுப் பார்த்தார்கள். மேல்மாடி அலமாரியில் மிஞ்சியிருந்த அந்த ஒரு லிட்டர், தொண்ணூற்றாறு காட்ட வேண்டிய இடத்தில் எண்பத்திரண்டு காட்டியது. குழுவிலிருந்தவர் இனெஸ்ஸா மார்கவ்னாவைப் பார்த்தார், அவர் யாரையும் பார்க்காமல், “விசாரிச்சு எழுதித் தர்றேன், நவம்பர் வரைக்கும் டைம் குடுங்க” என்றார். அவர்கள் போனதும் ரிம்மாவையும் குஸ்மிச்சையும் நிலவறைக்குக் கூப்பிட்டார்.

“யெஃபீம் குஸ்மிச், சுத்தி வளைக்காமக் கேக்குறேன். நீங்களா?”

“இல்ல.”

“கலக்குறதுக்கு முந்தின ராத்திரி பாட்டில் இங்க இருந்துச்சு. நீங்களும் இங்க இருந்தீங்க.”

“இருந்தேன். அதுக்காக?”

“சரி, சண்டை வேண்டாம். இதோ நிக்கிறா பாருங்க மாமியார், அவளே சொல்லட்டும்.” இனெஸ்ஸா மார்கவ்னா தூணைத் தொடாமல் கைகாட்டினார். “நீலம் வந்துச்சுன்னா, ஊத்தும்போது ஸ்பிரிட் நல்லா இருந்திருக்கு, அதுக்கப்புறம்தான் மேல யாரோ தண்ணி கலந்திருக்காங்க. அப்போ நீங்க ஆஸ்பத்திரியில, மேல அலமாரிச் சாவியும் உங்ககிட்ட கிடையாது. உங்க மேல தப்பே இல்ல. வேற நிறம் வந்தா, ஊத்துறதுக்கு முன்னாடியே கலந்திருக்கு. அப்போ நான் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும். வேலையும் போகும், விடுதி ரூமும் போகும்.”

குஸ்மிச்சின் முகம் மலர்ந்துவிட்டது. “இவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன். நான் தொடல, அதனால நீலம்தான் வரும். மாமியார் பொய் சொல்ல மாட்டா.”

“பாவ்லவ்னா, நீ என்ன சொல்ற?” என்று ரிம்மாவைக் கேட்டார்.

“வரும்” என்றாள் ரிம்மா. அந்த ஒரு சொல்லை எப்படிச் சொன்னாளோ, அவளுக்கே தெரியாது.

அன்றிலிருந்து தொடங்கியது அவளுடைய நரகம். தன்னை மாட்டவைக்கப் போகிற தூணைத் தன் பிள்ளை மாதிரி காவல் காத்தார் குஸ்மிச். கதவு விளிம்பில் கம்பளி ஒட்டினார். தூணின் நாலு பக்கமும் மணல் மூட்டை அடுக்கினார். கூட்டுகிற கிழவி வாளியை நங்கென்று வைத்ததற்கு, “அம்மாடி, உன் சமையக்கட்டுல போய்க் கொட்டு மேளத்தை” என்று துரத்தினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே போகாமல் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மாமியாருக்கு எதிரே உட்கார்ந்து, ரொட்டியும் வெங்காயமும் கடிப்பார்.

“மெல்லுற சத்தத்துல கலைஞ்சுடப் போகுது” என்று கிண்டல் செய்வார்கள்.

“எனக்குப் பல்லு பாதிதான் இருக்கு. நீ உன் வாயை மூடு” என்பார்.

அவர் எவ்வளவு நன்றாகக் காக்கிறாரோ, அவ்வளவு சுத்தமாகச் சிவப்பு வரும். ரிம்மாவுக்கு அது தெரியும். தினம் காலையில் வெப்பக் குறிப்பு எடுக்க நிலவறைக்கு இறங்கும்போது ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே போவாள். “வந்துட்டியா பாவ்லவ்னா, பாரு, அரை விரல் இறங்கியிருக்கு” என்று விளக்கைத் தூக்கிக் காட்டுவார். அடியில் ஒரு வெள்ளைப் படிவம், மேலே பால். நிறம் எதுவும் வெளியே தெரியாது. கண்ணாடிக்கு ஒட்டின பக்கம் உருண்டைகள் சரியாக அடுக்கிக்கொள்ளாது, உள்ளே வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த மட்டும் அவளுக்கு மூச்சுவிட முடிந்தது.

மே மாதம் ஒருநாள் இனெஸ்ஸா மார்கவ்னாவின் அறைக்குப் போய் நின்றாள். வாயைத் திறப்பதற்குள், “ஆஸ்யாவுக்குத் தெற்கே கடற்கரை முகாம்ல இடம் வாங்கிட்டேன், நுரையீரலுக்கு நல்லது, ஜூலையில அனுப்பு” என்றார் அந்த அம்மாள். ரிம்மா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். ஜூலை முடியட்டும், ஆஸ்யா வந்ததும் சொல்லிவிடலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். ஆஸ்யா வந்தாள். உடம்பு தேறி, கன்னம் சிவந்து வந்தாள். சொல்லவில்லை.

ஆகஸ்டில் கட்டடத்துக்கு வெளியே சாலை உடைக்க வந்தார்கள். யந்திரம் ஒரு தட்டுத் தட்டியதும் குஸ்மிச் வெளியே பாய்ந்து, அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்டது. நிலவறையில் ரிம்மா தனியாக நின்றாள். தூணும் அவளும்தான். ஒரே ஒரு தள்ளு போதும். எல்லாம் கலைந்து சுண்ணாம்பாகிவிடும், சாலை யந்திரத்தின் மேல் பழி, நீலமும் இல்லை சிவப்பும் இல்லை. மாமியார் வாயே திறக்க மாட்டாள். ரிம்மா இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்தாள். அது குளிர்ந்து, சலனமில்லாமல் இருந்தது. வெளியே குஸ்மிச் கெஞ்சிக்கொண்டிருந்தார்: “இதுல என் மானம் கிடக்குடா தம்பி, ஒரு வாரம் தள்ளிப் போடு, அந்தப் பக்கத்துல இருந்து உடைச்சுட்டு வா.” யந்திரம் நின்றது.

கலைத்துவிட்டால் அவர் எந்தக் காலத்திலும் குற்றமற்றவர் என்று ஆக மாட்டார். சந்தேகம் சாகும்வரை கூடவே வரும். அதை நினைத்துத்தான் கையை எடுத்தேன் என்று ரிம்மா பிற்பாடு சொல்லிக்கொண்டாள். எனக்கென்னவோ, தள்ளுவதற்கும் தைரியம் வேண்டும், அது அவளிடம் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அக்டோபரில் முதல் பனி விழுந்ததும் குஸ்மிச்சிடம் ஒரு மாறுதல் தெரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், ரொட்டி கையிலேயே இருக்கும், கடிக்க மாட்டார். ஒருநாள் மத்தியானம் ரிம்மா குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“பாவ்லவ்னா, நான் எடுத்திருப்பேனோ?”

அவள் பேனா நின்றுவிட்டது. “என்ன பேச்சு இது?”

“இல்ல, யோசிச்சுப் பாத்தேன். ஒரு காலத்துல பொண்டாட்டியோட தையல் மிஷினைத் தூக்கிட்டுப் போய் வித்திருக்கேன். வித்தது எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் இல்ல. வாங்கினவன் வந்து சொல்லித்தான் தெரியும். அன்னிக்கு ராத்திரி வயித்து வலிக்கு ரெண்டு மாத்திரை போட்டேன். அப்புறம் காலைல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினதுதான் தெரியுது. நடுவுல ஒண்ணுமே இல்ல. அந்த நடுவுல என்ன பண்ணேன்னு யாருக்குத் தெரியும்?”

“நீங்க எடுக்கல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

இதுதான் தருணம். வேறு யாரும் இல்லை, அவர் கேட்கிறார், அவள் சொல்ல வேண்டியது இரண்டே சொல்: நான்தான் எடுத்தேன். “நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்ல” என்றாள்.

குஸ்மிச் சிரித்தார். “நான் அப்படிப்பட்ட ஆளுதான் பாவ்லவ்னா. அதுதானே வினை.”

அன்று வீட்டுக்குப் போய் ரிம்மா அழுதாள். ஆஸ்யா பயந்துபோய் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அடி கழுதை, அழுது யாருக்கு என்ன ஆகப் போகிறது என்று அவளைப் பிடித்து உலுக்க எனக்கே கை வருகிறது. ஆனால் ஒன்பது மாதமாக மென்று முழுங்கினது ஒரே நாளில் வாய்வழியே வந்துவிடாது. ஒவ்வொரு நாளும் முதல் நாளைவிடக் கனம் கூடிக்கொண்டே போனது. ஜனவரியில் சொல்லியிருந்தால் அது திருட்டு மட்டும். அக்டோபரில் சொன்னால், ஒரு மனுஷனை ஏழு மாதம் பக்கத்தில் நின்று வதைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நவம்பர் புரட்சிநாள் பண்டிகை முடிந்த புதன்கிழமை மாமியாரைத் திறந்தார்கள். இனெஸ்ஸா மார்கவ்னா, ரிம்மா, குஸ்மிச், மூன்று பேர்தான். குஸ்மிச் சவரம் செய்து, கழுத்துப்பட்டை கட்டி வந்திருந்தார். மேலே நின்ற தெளிந்த நீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். அடியில் கெட்டிப்பட்டிருந்த படிவத்தை இனெஸ்ஸா மார்கவ்னா மெல்லிய கம்பியால் வெட்டி, ஒரு துண்டைத் தட்டில் எடுத்து விளக்கடியில் வைத்துச் சாய்த்தார்.

சிவப்பு. உள்ளுக்குள் அடுப்புக் கங்கு கிடக்கிற மாதிரி, ஒரு மாசு இல்லை, ஒரு கோடு இல்லை. அத்தனை வருஷத்தில் அவ்வளவு சுத்தமான அடுக்கு அந்தக் கூடத்தில் வந்ததில்லை.

குஸ்மிச் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். அவர் முகத்தில் ரிம்மா எதிர்பார்த்த அதிர்ச்சி இல்லை. நெடுநாள் வலித்த பல்லைப் பிடுங்கிவிட்டவன் முகம் மாதிரி இருந்தது.

“நான்தான் எடுத்தேன்” என்றார். “பேப்பரைக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்.”

“இல்ல” என்றாள் ரிம்மா. “அவர் இல்ல. நான். எங்க வீட்டுக் குழாய் வெடிச்சுப்போச்சு, குழாய்க்காரனுக்குக் குடுத்தேன். முக்கால் லிட்டர். நான்தான் தண்ணி ஊத்தினேன்.”

இனெஸ்ஸா மார்கவ்னா அவளை நிமிர்ந்து பார்த்தார். குஸ்மிச் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

“நல்ல மனசு உனக்கு. எனக்காக உன் தலையில அள்ளிப் போட்டுக்காதே. பொண்ணை வச்சிருக்க” என்றார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், கம்பளிக் காலணியைக் கழற்றி ஸ்டூலின் மேல் ஜோடியாக வைத்தார், படியேறிப் போய்விட்டார்.

“நிஜமா நான்தான்” என்றாள் ரிம்மா. “எழுதித் தர்றேன்.”

“எழுதாதே” என்றார் இனெஸ்ஸா மார்கவ்னா. குரல் தாழ்ந்திருந்தது. “திங்கட்கிழமை அடுத்த தூண் நிரப்பணும். வெப்பம் பாக்க ஆள் கிடைப்பான். உருண்டை செய்யற கை இந்தக் கட்டடத்துல ஒண்ணுதான் இருக்கு. நீ சொன்னது எதுவும் என் காதுல விழல. புரியுதா? அவரே ஒத்துக்கிட்டாரு. விட்டுடு.”

“அவருக்கு ஞாபகம் இல்ல, அதனால ஒத்துக்கிட்டாரு.”

“ரிம்மா, முகாம் இடம் சும்மா வந்ததுன்னு நினைச்சியா? வீடு உன் பேர்ல இருக்கறது சும்மாவா? போ. தட்டைக் கழுவி வை.”

ரிம்மா தட்டைக் கழுவி வைத்தாள். ஆமாம், அதையும் செய்தாள். அதன் பிறகு விடுதிக்கு ஓடினாள். குஸ்மிச் அறையில் இல்லை. ஆஸ்யாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும் நேரம் வரை வாசலில் நின்று பார்த்தாள், வரவில்லை. மறுநாள் விடிந்ததும் மறுபடி போனாள்.

கதவு திறந்தே கிடந்தது. குஸ்மிச் நேற்றுக் கட்டிய கழுத்துப்பட்டையோடு மேஜையருகே உட்கார்ந்திருந்தார். மேஜையில் நாலு கொலோன் சென்ட் பாட்டில், மூன்று காலி. அந்த வருஷம் வோட்கா கிடைக்காதவர்கள் எல்லாம் அதைத்தான் குடித்தார்கள்.

“வா பாவ்லவ்னா, உக்காரு. வாடை அடிக்கும், பொறுத்துக்கோ. குளிருக்கு ஜன்னல்ல காகிதம் ஒட்டிட்டேன், திறக்க வராது.”

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்யாவின் மூச்சு, குழாய்க்காரன், பாட்டில், ஜன்னலோரம் காய்ந்த சொட்டு, சட்டைக் கையால் துடைத்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. குஸ்மிச் பொறுமையாகக் கேட்டார், குழந்தை கதை சொன்னால் கேட்கிற மாதிரி.

“அதெல்லாம் சரி. ஆனா எனக்கு ஞாபகம் வந்துடுச்சே” என்றார். “நேத்து அந்தச் சிவப்பைப் பாத்ததும் வந்துடுச்சு. பாட்டில் கழுத்து சில்லுனு இருந்துச்சு. எடுத்துக் குடிச்சேன், நெஞ்சு எரிஞ்சுது. அப்புறம் மூலையில குழாயைத் திறந்து தண்ணி பிடிச்சு ஊத்தினேன். இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.”

“குழாய்த் தண்ணியா?”

“ஆமா, குழாய்த் தண்ணி.”

“குஸ்மிச், குழாய்த் தண்ணியில உப்பு இருக்கு. அதை ஊத்தியிருந்தா உருண்டையே நின்னிருக்காது, கெட்ட பால் மாதிரி திரிஞ்சுபோயிருக்கும். நம்ம கூடத்துல குழாய்த் தண்ணியை ஒரு சொட்டு அண்ட விடுறோமா? உங்களுக்குத் தெரியாதா? நேத்து அந்தக் கல்லைப் பாத்தீங்கல்ல, ஒரு கோடு இருந்துச்சா? நான் ஊத்தினது காய்ச்சி வடிச்ச தண்ணி. கைப்பழக்கத்துல அதைத்தான் எடுத்தேன்.”

பதினோரு வருஷம் அந்த நிலவறையில் இருந்தவர், அவருக்கு இது தெரியாமல் இருக்குமா? அவர் பார்வை மேஜையில் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. அவர் நம்பிவிட்டார் என்று ரிம்மாவுக்குத் தெரிந்தது. அதை நினைத்து ஒரு கணம் அவள் நெஞ்சு லேசாகிப்போனது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் பத்து மாதம் தவித்திருந்தாள்.

“அப்போ நான் தொடல” என்றார்.

“தொடல.”

“நேத்து வரைக்கும் நாலு வருஷம் எட்டு மாசம் நான் தொடல.”

“ஆமா. இப்பவே நிறுவன இயக்குநர்கிட்டப் போறேன். இனெஸ்ஸா மார்கவ்னா கேக்காட்டிப் போகட்டும், நான் எழுதிக் குடுக்குறேன். வேலை போனாப் போகுது. உங்களைத் திரும்ப எடுத்துக்கச் சொல்றேன்.”

குஸ்மிச் மெல்லத் தலையை ஆட்டினார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள், கன்னத்தில் ஒன்று விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பாள். அவர் திறக்காத அந்த நாலாவது பாட்டிலைக் கையில் எடுத்து, மூடியைத் திருகினார்.

“போய்ச் சொல்லு, நல்லாச் சொல்லு. அவங்க உன்னை நம்பி, ஒரு ஆளை இங்க அனுப்புவாங்க. குஸ்மிச் குடிக்கிறவன்னு எழுதியிருக்கே, அது பொய்யான்னு பாத்துட்டு வரச் சொல்லி.” கோப்பையில் ஊற்றினார். “அந்த ஆள் வந்து என்னை மோந்து பாத்துட்டு என்ன சொல்லுவான், பாவ்லவ்னா?”

ரிம்மா அவர் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்க எட்டினாள். அவர் அவளை விலக்கவில்லை, வேகப்படவும் இல்லை. அவள் கை வந்து சேர்வதற்குள் குடித்து முடித்துவிட்டார்.